தோர்கிரிமுக்கு ஓர் ஆசி

“மாமா, அங்க போகணும்னா கடலைக் கேட்டுட்டுத்தான் கெளம்பணும்” என்றான் அக்கா மகன். நியூகாசிலில் அவன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலையை எந்த நாளில் எத்தனை மணிக்குக் கடக்கலாம், எப்போது கடக்கக் கூடாது என்ற பட்டியல். ராகுகாலம் பார்த்துப் படியிறங்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு அது பழகிய சமாச்சாரமாகத்தான் பட்டது. ஒரே வித்தியாசம், இங்கே நேரம் தவறினால் காரோடு மூழ்க வேண்டியதுதான்.

நாங்கள் கரையை அடைந்தபோது கடல் வற்றிக்கொண்டிருந்தது. சாலையின் மேல் இன்னும் விரற்கடை அளவு தண்ணீர். முன்னால் மூன்று கார்கள் காத்து நின்றன; நாங்களும் நின்றோம். வலப்பக்கம் சேற்று மணலின் நடுவே வரிசையாகக் கழிகள் நட்டிருந்தார்கள். 1954இல் சாலை வருவதற்கு முன் யாத்திரிகர்கள் அந்தத் தடத்தில்தான் நடந்து போனார்கள். இன்றும் வெறுங்காலோடு நடக்கிறவர்கள் உண்டு. நடுவழியில் தண்ணீர் சூழ்ந்துகொண்டால் ஏறி ஒண்டிக்கொள்ள, உயரமான கால்களின் மேல் வெள்ளையடித்த மரக்கூண்டு ஒன்று நிற்கிறது.

635ஆம் ஆண்டு இந்தத் தீவுக்கு அய்டன் என்றொரு துறவி வந்தார். ஐரிஷ்காரர். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள அயோனா தீவின் மடத்திலிருந்து வந்தவர். அந்த மடத்தை 563இல் நிறுவிய கொலம்பாவும் ஐரிஷ் துறவிதான். நார்தம்பிரியாவின் அரசன் ஓஸ்வால்ட் இளமையில் நாடிழந்து ஐரிஷ்காரர்களிடம் அடைக்கலம் புகுந்திருந்தான். அவர்கள் மொழியையும் மதத்தையும் அங்கேதான் கற்றான். அரசு கைக்கு வந்ததும் அவர்களிடமே ஆள் கேட்டு அனுப்பினான். வந்த அய்டனுக்கு ஆங்கிலம் சரியாக வராது. அவர் பிரசங்கம் செய்யச் செய்ய, பக்கத்தில் நின்று அரசனே தன் பிரபுக்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னான் என்கிறார் பீட். ஒரு நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தின் திருச்சபை வரலாற்றை எழுதிய துறவி அவர்.

597இல் ரோமிலிருந்து கேன்டர்பரிக்கு வந்த அகஸ்டினோடுதான் இங்கிலாந்தில் கிறிஸ்தவம் தொடங்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது தெற்கு வாசல். வடக்கு வாசலில் விளக்கேற்றியவர்கள் ஐரிஷ்காரர்கள். இரு தரப்புக்கும் ஈஸ்டர் நாள் கணிக்கும் முறை வேறு. தலையை மழிக்கும் விதம்கூட வேறு. 664இல் விட்பியில் கூடிப் பேசி, ரோமின் கணக்கே செல்லும் என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் ஐரிஷ் கையெழுத்தின் உருண்டையும் ஏட்டோரத்துக் கொடிப்பின்னலும் போகவில்லை. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் தீவில் எழுதி வரைந்த லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டைப் பார்த்தால் அது தெரியும். ஏடு இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

793 ஜூன் 8ஆம் நாள் கடலிலிருந்து வைக்கிங்குகள், ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், வந்தார்கள். மடத்தைச் சூறையாடினார்கள். துறவிகளில் சிலரைக் கொன்றார்கள், சிலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோயில் என்றால் கருவூலமும்தான் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெள்ளிப் பாத்திரம், பொன் பதித்த ஏட்டு அட்டை, சிறைபிடித்து விற்கத்தக்க ஆட்கள் எல்லாம் காவலில்லாத கடற்கரையில் ஒரே இடத்தில் இருந்தன. பிராங்க்குகளின் பேரரசன் ஷார்லமேனோடு பழகிய யார்க் நகரத்து அறிஞர் ஆல்குயின், செய்தி கேட்டு நடுங்கிக் கடிதம் மேல் கடிதமாக எழுதினார். நார்தம்பிரிய அரசனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கண்டிப்பு வருகிறது: தலைமுடியையும் தாடியையும் அந்த அஞ்ஞானிகளைப் போலவே வெட்டிக்கொள்ள ஆசைப்பட்டீர்களே என்று. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். அப்படியானால் வந்தவர்கள் முன்பின் தெரியாத பூதங்கள் இல்லை. அவர்களுடைய முடிவெட்டு அதற்கு முன்பே இங்கே ஃபேஷனாக இருந்திருக்கிறது!

இன்று தீவில் நிற்கும் இடிந்த சிவப்புக்கல் மடம் 12ஆம் நூற்றாண்டினது. அய்டனின் மரக்கட்டடம் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் பார்க்க வந்தது பக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்லை. மேற்புறம் வளைந்த, சிறிய, 9ஆம் நூற்றாண்டின் கல்லறைக் கல். ஒரு பக்கத்தில் ஏழு பேர் வரிசையாக, கோடாரியும் வாளும் ஓங்கியபடி வருகிறார்கள். கால்சட்டையின் மடிப்புகூடத் தெரிகிறது. நம்மூர் நடுகல்லில் ஆயுதத்தோடு நிற்பவன் செத்த வீரன். இதில் வருகிறவர்கள் கொல்ல வந்தவர்கள். சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தேன். நடுவில் சிலுவை, மேலே சூரியனும் சந்திரனும், கீழே குனிந்து வணங்கும் இருவர். உலகம் முடியும் நாளின் தீர்ப்பு என்று சிலரும், 793இன் நினைவு என்று சிலரும் சொல்கிறார்கள். எதுவானாலும் செதுக்கியவர் கடலைப் பார்த்துக்கொண்டே செதுக்கியிருக்கிறார்.

“மாமா, தண்ணி ஏறிரும்” என்று இரண்டாம் முறையாக அவன் கூப்பிட்டபோதுதான் வெளியே வந்தேன்.

*

அந்தத் தாக்குதலோடு மடம் அழிந்துவிடவில்லை. துறவிகள் இன்னும் 82 ஆண்டுகள் அங்கேயே இருந்தார்கள். 875இல்தான் தீவை விட்டுக் கிளம்பினார்கள், தங்கள் புனிதர் கத்பர்ட்டின் உடலைச் சவப்பெட்டியோடு சுமந்துகொண்டு. ஊர் ஊராக அலைந்து, செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டில் ஒரு நூற்றாண்டு தங்கி, 995இல் டரம் குன்றின் மேல் நிலைகொண்டார்கள். நியூகாசிலிலிருந்து டரம் ரயிலில் கால் மணி நேரம். 1093இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தில் பலிபீடத்தின் பின்னால் கத்பர்ட் கிடக்கிறார். மேலே ஒரு கற்பலகை, அதில் அவர் பெயர் மட்டும். கோயிலின் மறுகோடியில் பீட்டின் கல்லறை.

துறவிகள் சுமந்து திரிந்த அந்தக் கருவாலி மரப்பெட்டியின் துண்டுகளை ஒட்டிச் சேர்த்து இங்கே வைத்திருக்கிறார்கள். 698இல் செய்த பெட்டி. கிறிஸ்துவும் தேவதூதர்களும் அப்போஸ்தலர்களும் கோட்டுருவமாக அதில் இருக்கிறார்கள். பெயர்களை உற்றுப் பார்த்தால் சில இலத்தீன் எழுத்தில், சில ரூன் எழுத்தில். கத்தி முனையால் மரத்தில் கீறத் தோதான நேர்க்கோட்டு எழுத்து ரூன். கிறிஸ்தவம் வரும் முன்னரே ஜெர்மானியக் குடிகள் அனைத்துக்கும் பொதுவாக இருந்தது. வைக்கிங் கப்பல் வருவதற்கு நூறாண்டு முன்பே, அவர்கள் படிக்கக்கூடிய எழுத்தின் உடன்பிறப்பு கத்பர்ட்டின் சவப்பெட்டியில் இருந்திருக்கிறது. சண்டை போட்டவர்கள் தூரத்து உறவினர்கள்.

டரம் துறவிகள் எழுதிவைத்த கதை ஒன்று உண்டு. 883ஐ ஒட்டி நடந்தது. வடக்கில் குடியேறிவிட்ட டேனிஷ் வைக்கிங் படைக்கு அரசன் இல்லை. கத்பர்ட் ஒரு மடத்தலைவரின் கனவில் வந்து, ஒரு விதவையிடம் அடிமையாக இருக்கும் குத்ரெட் என்ற டேனிஷ் இளைஞனை விலைகொடுத்து மீட்டு அரசனாக்கச் சொல்கிறார். அப்படியே செய்கிறார்கள். ஒரு குன்றின் மேல், டேனிஷ் வழக்கப்படி அவன் வலக்கையில் பொற்காப்பு போடுகிறார்கள். படைவீரர்கள் கத்பர்ட்டின் உடலைத் தொட்டுச் சத்தியம் செய்கிறார்கள். அரசனான குத்ரெட் டைன் ஆற்றுக்கும் வியர் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைப் புனிதருக்கு எழுதிவைக்கிறான்.

கனவு உண்மையா என்பதை விடுங்கள். தீவை விட்டு ஓடிவந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே, துரத்தியவர்களில் ஒருவனைப் பிடித்துத் தங்களுக்கான அரசனாக்கி மானியமும் வாங்கிக்கொண்டார்கள் இந்தத் துறவிகள். குத்ரெட் இறந்தபோது அவனை அடக்கம் செய்த இடம் யார்க் பேராலயம். எவ்வளவு சாமர்த்தியசாலிகள் என்று டரம் படிகளில் இறங்கும்போது நினைத்துக்கொண்டேன்.

*

யார்க் நகரில் தெருக்களின் பெயர் பாதி ‘கேட்’ என்று முடிகிறது. கோட்டைவாசல் என்று நினைத்துவிடக் கூடாது. வைக்கிங்குகளின் மொழியில் ‘காட்டா’ என்றால் தெரு. காப்பர்கேட் என்பது மரக்கிண்ணம் கடைபவர்களின் தெரு. 1976 முதல் 1981 வரை அந்தத் தெருவைத் தோண்டினார்கள். ஈரக் கரிமண் எல்லாவற்றையும் அழுகாமல் காத்து வைத்திருந்தது. தோல் செருப்பு, சீப்பு, துணி, கடைந்த கிண்ணம், கிண்ணத்தின் வயிற்றிலிருந்து கடைந்தெடுத்த மரக்கொட்டை. கூடவே காசு அடிக்கும் இரும்பு அச்சும் கிடைத்தது.

அந்தக் காசுக்காகத்தான் நான் யார்க்கில் இறங்கினேன். 920களில் அடித்த வெள்ளிப் பென்னி. நம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது, காய்ந்த இலை போல மெல்லியது. யார்க் தேவாலயத்தின் காவல் புனிதர் பேதுருவின் பெயர் இரண்டு வரியாக இருக்கிறது. வரிகளின் நடுவே ஒரு வாள். வாளுக்குக் கீழே, தலைகீழாக, குட்டைப் பிடி போட்ட சுத்தியல். இடிக்கடவுள் தோரின் சுத்தியல்! கிறிஸ்துவின் முதல் சீடனும் தோரும் ஒரு பென்னிக்குள் அடங்கிக் கிடந்தார்கள். தேவாலயத்துக்கு வரி கட்டுகிறவனும் அந்தக் காசை வாங்குவான். கழுத்தில் சுத்தியல் தாயத்து கட்டியவனும் வாங்குவான். வியாபாரிகள் சிலர் இதற்குமேல் ஒரு வழி கண்டிருந்தார்கள். ஞானஸ்நானம் பெறாமல் சிலுவைக்குறி மட்டும் போட்டுக்கொண்டால் கிறிஸ்தவர்களோடு கொடுக்கல் வாங்கல் செய்யலாம், வீட்டில் பழைய சாமியையும் கும்பிடலாம். ஐஸ்லாந்துக் கதைகள் இதைச் சாதாரணமாகச் சொல்லிப் போகின்றன.

காசுகள் இன்னும் விசித்திரமான கதையைச் சொல்கின்றன. 869இல் கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் எட்மண்டை டேனிஷ் படை கொன்றது. முப்பது ஆண்டுகள் ஆவதற்குள், அதே நாட்டில் குடியேறிய டேனிஷ்காரர்கள் ‘புனித எட்மண்ட்’ என்று பெயர் பொறித்துக் காசு அடித்தார்கள். கொன்ற கூட்டத்தின் பிள்ளைகள் கொல்லப்பட்டவனுக்குப் புனிதர் பட்டம் கட்டிப் புழக்கத்தில் விட்டுவிட்டார்கள். நடுவில் நடந்தது ஓர் ஒப்பந்தம். 878இல் ஆல்ஃப்ரெட் அரசனிடம் எடிங்டனில் தோற்ற டேனிஷ் தலைவன் குத்ரம், முப்பது பேரோடு ஞானஸ்நானம் பெற்றான். ஆல்ஃப்ரெட்டே ஞானத்தகப்பன். புதுப்பெயர் ஏதல்ஸ்டன். கிழக்கு ஆங்கிலியாவை ஆளப்போன குத்ரம் அந்தப் பெயரில்தான் காசு வெளியிட்டான்.

ஆல்ஃப்ரெட்டைப் பற்றி நமக்குச் சொந்தமான ஒரு வரி உண்டு. லண்டனில் டேனிஷ் படையை எதிர்த்து நின்றபோது அவன் செய்த வேண்டுதலை நிறைவேற்ற, ரோமுக்கும், இந்தியாவில் புனித தோமாவுக்கும் புனித பர்த்தலமேயுவுக்கும் காணிக்கை அனுப்பினான் என்று ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேடு 883ஆம் ஆண்டுக் குறிப்பில் சொல்கிறது. ஏட்டின் சில பிரதிகளில் இந்தியா, வேறு சிலவற்றில் யூதேயா என்று படிக்கும்படி இருப்பதால் ஆய்வாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். வைக்கிங் பயத்தில் செய்துகொண்ட நேர்த்திக்கடன் ஒன்று மயிலாப்பூர் வரை வந்திருக்கலாம் என்ற நினைப்பே அந்தக் குளிரில் எனக்குப் போதுமானதாக இருந்தது.

*

சுத்தியல் காசு அடித்த காலத்தில் யார்க்கை ஆண்டவன் பெயர் சிட்ரிக். ஐரிஷ்காரர்கள் அவனுக்கு ஒற்றைக்கண்ணன் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவன் முதலில் டப்ளினுக்கு அரசன், பிறகுதான் யார்க்குக்கு. இரண்டு ஊரும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன. நடுவே இங்கிலாந்தின் குறுக்களவும் ஐரிஷ் கடலும். அந்தப் பாதையில், ரிபிள் ஆற்றங்கரையின் கியுயர்டேல் என்ற இடத்தில் 1840இல் தொழிலாளர்கள் ஓர் ஈயப்பெட்டியைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே காசும் கட்டியும் உடைத்த நகையுமாகச் சுமார் 40 கிலோ வெள்ளி. அதில் புனித எட்மண்ட் காசுகளும் நிறைய.

நான் ஹோலிஹெட் வரை ரயிலில் போய் அங்கிருந்து கப்பலேறினேன். மூன்றேகால் மணி நேரப் பயணம். முதல் அரைமணியிலேயே வயிறு புரட்டத் தொடங்கிவிட்டது. காற்று அப்படி. 9ஆம் நூற்றாண்டில் ஓர் ஐரிஷ் துறவி, இலத்தீன் இலக்கணப் புத்தகமொன்றின் ஓரத்தில், புயலடித்த ஓர் இரவைப் பற்றி நான்கு வரிப் பாட்டு எழுதிவைத்தார். அந்த ஏடு இன்று சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில் இருக்கிறது. கடல் கொந்தளித்ததில் அவருக்கு நிம்மதி. அந்த இரவில் எந்தக் கப்பலும் வராது. எனக்கோ பிளாஸ்டிக் பையைக் கையிலிருந்து இறக்க முடியவில்லை.

841இல் வைக்கிங்குகள் லிஃபி ஆற்று முகத்தில் கப்பல்களைக் கரையேற்றிக் கோட்டை போட்டார்கள். ‘துவ் லின்’ என்றால் ஐரிஷில் கருங்குளம், அதுதான் டப்ளின். அதுவரை அயர்லாந்தில் நகரம் என்று சொல்லும்படி இருந்தவை பெரிய மடங்கள்தான். டப்ளின், வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு, லிமெரிக் எல்லாம் வைக்கிங்குகள் வளர்த்த துறைமுகங்கள். டப்ளினின் பெரிய சரக்கு அடிமைகள். 871இல் ஓலாஃபும் ஈவரும் ஸ்காட்லாந்திலிருந்து 200 கப்பல்களில் ஆங்கிலேயரையும் பிரித்தானியரையும் பிக்ட் மக்களையும் பிடித்துவந்து இங்கே இறக்கினார்கள். அடிமை வியாபாரத்தை இவர்கள் கொண்டுவந்ததாகவும் சொல்ல முடியாது. அயர்லாந்தின் காவல் புனிதர் பேட்ரிக், 5ஆம் நூற்றாண்டில் ஐரிஷ் கொள்ளையர்கள் பிரிட்டனிலிருந்து பிடித்துவந்த அடிமைப் பையன்தான். மடங்களைக் கொளுத்தியதும் வைக்கிங்குகள் மட்டுமில்லை. 764இல் க்ளான்மக்னாய்ஸ் மடத்தாரும் டுரோ மடத்தாரும் தங்களுக்குள் மோதியதில் டுரோ பக்கம் மட்டும் 200 பேர் செத்ததாக ஐரிஷ் ஆண்டேடுகள் குறித்திருக்கின்றன.

கில்டேர் தெரு அருங்காட்சியகத்தில், டப்ளின் வைக்கிங் கல்லறைகளில் கிடைத்த ஈய எடைக்கற்களைப் பார்த்தேன். வெள்ளி நிறுக்கும் கற்கள். சிலவற்றின் தலையில் பொன்முலாம் பூசிய சின்னஞ்சிறு அலங்காரத் துண்டு பதித்திருக்கிறது. ஐரிஷ் பொற்கொல்லனின் பின்னல் வேலை. ஏதோ ஒரு மடத்துப் பெட்டியிலிருந்தோ ஏட்டு அட்டையிலிருந்தோ பெயர்த்தது. கொள்ளையடித்த சிலுவைத் துண்டு தராசுக்கு அடையாளமாகிவிட்டது. இன்னொன்று கோபன்ஹேகனில் இருக்கிறது. புனிதரின் எலும்பு வைக்கச் செய்த கையடக்கப் பேழை. அதன் அடியில் ரூன் எழுத்தில், இந்தப் பெட்டி ரன்வைக்குடையது என்று ஒரு பெண்ணின் பெயர். கடல் கடந்து போனவன் ஊர் திரும்பி மனைவிக்கோ மகளுக்கோ கொடுத்திருப்பான். சிலுவை வடக்கு வீடுகளுக்குள் முதலில் நுழைந்தது நகைப்பெட்டி வழியாக.

ஒற்றைக்கண் சிட்ரிக்கின் மகன் ஓலாஃப் குவாரன். குவாரன் என்றால் ஒருவகைத் தோல் செருப்பு. ஐரிஷ்காரர்கள் வைத்த பட்டப்பெயர். தகப்பனைப் போலவே யார்க்கையும் டப்ளினையும் மாறி மாறி ஆண்டான். 943இல் ஆங்கில அரசன் எட்மண்ட் ஞானத்தகப்பனாக நிற்க, ஞானஸ்நானம் பெற்றான். அரசியல் ஞானஸ்நானம்தான். ஆனால் 980இல் தாரா போரில் ஐரிஷ் அரசனிடம் தோற்றுப் படையையும் இழந்தபின், கிழவன் ஓலாஃப் அயோனாவுக்குப் போனான். அய்டன் புறப்பட்டு வந்த அதே அயோனா. 795இலும் 802இலும் வைக்கிங்குகள் கொள்ளையடித்து, 806இல் 68 பேரை வெட்டிக் கொன்ற அயோனா. அங்கே பாவப்பரிகாரத்தில் அமர்ந்து அங்கேயே செத்தான்.

அவன் மகன் பட்டுத்தாடி சிட்ரிக். அம்மா கோர்ம்லா ஐரிஷ் இளவரசி. 997ஐ ஒட்டி அயர்லாந்தின் முதல் காசை இவன்தான் அடித்தான். ஆங்கிலப் பென்னியைப் பார்த்து அடித்தது; பின்பக்கம் நீளச் சிலுவை. சில்லறை வேண்டுமென்றால் சிலுவைக் கோட்டின் மேல் வெட்டி அரைக்காசும் கால்காசும் ஆக்கிக்கொள்வார்கள். ஐரிஷ் பேரரசன் பிரையன் போருவுக்கு இவன் மாப்பிள்ளை. இவனுடைய அம்மாவைப் பிரையன் கட்டிக்கொண்டதால் மகன் முறையும்கூட. 1014 புனித வெள்ளியன்று க்ளான்டார்ஃபில் நடந்த பெரும்போரில் மாமனாரும் மருமகனும் எதிரெதிர் அணி. லென்ஸ்டர் நாட்டு ஐரிஷ்காரர்கள் டப்ளின் பக்கம் நின்றார்கள். கிறிஸ்தவ அயர்லாந்து அஞ்ஞானிகளைக் கடலில் தள்ளிய நாள் என்று பிற்காலத்தில் பாடிவிட்டார்கள். பிரையன் செத்தார். பட்டுத்தாடி சிட்ரிக் மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் டப்ளினை ஆண்டான்.

அவன் கட்டியதுதான் க்ரைஸ்ட் சர்ச் பேராலயம். 1028இல் ரோமுக்கு யாத்திரை போய்வந்தான். 1030ஐ ஒட்டி ஐரிஷ் பிஷப் தூனானோடு சேர்ந்து கோயிலை நிறுவினான். இன்றைய கட்டடம் அதற்குப் பிந்தியது. நிலவறையில் பழைய கற்கள் குளிர்ந்து கிடக்கின்றன. அங்கே உட்கார்ந்து, தாத்தா சுத்தியல் காசு, அப்பா அயோனா, பேரன் பேராலயம் என்று மூன்று தலைமுறையை அழகாகக் கோத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஆண்டேடுகள் நூலை அறுத்துவிடுகின்றன. இதே பேரன் 1019இல், கொலம்பாவின் மடமான கெல்ஸைக் கொள்ளையிட்டுக் கோயிலுக்குள்ளேயே ஆட்களைக் கொன்றான். ரோமிலிருந்து திரும்பி, பேராலயத்துக்கு நிலமும் கொடுத்தபின், 1031இல் ஆர்ட்பிராக்கனில் தேவாலயத்தை எரித்தான். உள்ளே 200 பேர்; இன்னும் 200 பேர் சிறை. சாமி மாறியது, தொழில் மாறவில்லை.

பேராலயத்துக்குக் கீழே ஆற்றை ஒட்டிய சரிவு வுட் கீ. 1970களில் அங்கே மாநகராட்சி அலுவலகம் கட்டத் தோண்டியபோது சிட்ரிக் காலத்து வீதிகள் வெளிவந்தன. காப்பாற்றச் சொல்லி 1978 செப்டம்பரில் சுமார் 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். ஆயிரம் ஆண்டுகளாக ‘அந்நியர்’ என்று ஏட்டில் எழுதப்பட்டவர்களின் வீட்டுக்காக ஐரிஷ்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அலுவலகம் வந்துவிட்டது. ஆனாலும் நடைபாதையில் ஒரு வீட்டின் அளவைக் கல்லால் பதித்திருக்கிறார்கள். குறுக்கே நடந்து பார்த்தேன். மூங்கில் தட்டி போலக் கிளைகள் பின்னிய சுவர், நடுவே அடுப்பு, இருபுறமும் திண்ணை மாதிரிப் படுக்கை. பத்து எட்டில் முடிந்துவிட்டது.

*

டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மலையில் கிளென்டலாக் மடம். ‘இரு ஏரிப் பள்ளத்தாக்கு’ என்பது பொருள். 6ஆம் நூற்றாண்டில் கெவின் என்ற துறவி வந்து தங்கிய இடம். கல்லறைகளின் நடுவே வட்டக் கோபுரம் ஒன்று நிற்கிறது. உயரம் சுமார் 30 மீட்டர். வாசல் தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில். வைக்கிங் வந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே பதுங்குவார்கள் என்று ஒரு வழிகாட்டி பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐரிஷில் இதன் பெயர் மணிவீடு. முதன்மையான வேலை மணி அடிப்பதுதான். பதுங்கிய கதையும் உண்டு. 950இல் ஸ்லேன் மணிவீட்டில் பதுங்கியவர்களை டப்ளின் வைக்கிங்குகள் நெருப்பு வைத்துக் கொன்றார்கள். கல்கோபுரம் புகைபோக்கி ஆகிவிட்டது.

மடத்தைச் சுற்றி இன்னும் கருவாலிக் காடு. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1962இல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட் கடற்கழியில் மூழ்கிக் கிடந்த வைக்கிங் கப்பல்களை வெளியே எடுத்தார்கள். அவற்றில் நீளமானது 30 மீட்டர், அறுபது துடுப்பு. பலகையின் ஆண்டு வளையங்களை எண்ணி ஒப்பிட்டபோது அது டேனிஷ் மரமே இல்லை என்று தெரிந்தது. 1042இல் டப்ளின் அருகே வெட்டிய மரம். பட்டுத்தாடி சிட்ரிக் செத்த அதே ஆண்டு. அதே அளவில் டேனிஷ்காரர்கள் மறுபடி ஒரு கப்பல் கட்டி, ‘கிளென்டலாக்கின் கடல்குதிரை’ என்ற பொருளில் பெயர் வைத்து, 2007இல் டப்ளினுக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கோபுரத்தைப் படுக்க வைத்தால் கப்பல் நீளம். துறவிகள் மணியடித்த பள்ளத்தாக்குப் பக்கத்து மரம்தான் வைக்கிங் போர்க்கப்பல் ஆகியிருக்கிறது. வெட்டிய தச்சன் எந்தச் சாமியை வேண்டிக்கொண்டு கோடாரி வைத்தானோ!

*

லிமெரிக் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பாட்டி, சன்னலைச் சற்றுத் திறக்கச் சொன்னார். சன்னலுக்கு ஐரிஷில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “ஃபுன்யோக்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வைக்கிங் மொழியில் ‘விண்டௌகா’, காற்றின் கண். அதுவே ஆங்கிலத்தில் விண்டோ, ஐரிஷில் ஃபுன்யோக். சந்தைக்கும் பென்னிக்கும் செருப்புக்கும் ஐரிஷ் சொல் அங்கிருந்துதான் வந்தது. ஆங்கிலத்தில் முட்டை, கத்தி, சட்டம், கணவன் எல்லாம் வடவர் தந்த சொற்கள். ‘அவர்கள்’ என்ற சொல்கூட. நம் முன்னோர் காலதர் என்றார்கள்: கால் காற்று, அதர் வழி. அதை விட்டுவிட்டுச் சன்னல் என்கிறோம். போர்த்துகீசியன் கப்பலில் சிலுவையோடு கொண்டுவந்த சொல் அது. கடல்வழி வந்தவன் எந்த ஊரிலும் சுவரில் ஓட்டை போட்டுத்தான் போயிருக்கிறான். அதன் வழியாகத்தான் காற்றும் வருகிறது.

லிமெரிக்கிலிருந்து கில்லலூ பக்கம். ஷானன் ஆறு பெரிய ஏரியிலிருந்து இறங்கும் இடம். பிரையன் போருவின் சொந்த ஊர். கரையில் புனித ஃபிளானன் பேராலயம். உள்ளே யாருமில்லை, பூச்சாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் மட்டும். நான் தேடுவது என்ன என்று கேட்காமலே ஒரு மூலையைக் காட்டினார்.

இடுப்பளவுகூட இல்லாத சொரசொரப்பான கல். 1916இல் ஒரு சுவருக்குள்ளிருந்து கிடைத்தது. ஒரு காலத்தில் சிலுவையின் பகுதியாக நின்றது. நேர் வெளிச்சத்தில் வெறும் கீறலாகத்தான் தெரிந்தது. “செல்ஃபோன் லைட்டைப் பக்கவாட்டில் பிடியுங்கள்” என்றார் அம்மாள். பிடித்தேன். கீறல்கள் நிழல் கட்டிக்கொண்டு எழுத்தாக எழுந்தன. ஒரு முகத்தில் ரூன் எழுத்து: தோர்கிரிம் இந்தச் சிலுவையைச் செதுக்கினான். இன்னொரு பக்கம் ஓகம். ஒரு கோட்டின் மேல் குறுக்குக் கீறல்களாக எழுதும் பழைய ஐரிஷ் எழுத்து: தோர்கிரிமுக்கு ஆசி உண்டாகட்டும்.

பெயரிலேயே தோர். கையில் சிலுவை. 11ஆம் நூற்றாண்டின் கல் என்கிறார்கள். அரசனும் இல்லை, பிஷப்பும் இல்லை. இந்தக் கல்லைத் தவிர இவனைப் பற்றி உலகத்தில் ஒரு வரியும் கிடையாது. நான் செய்தேன் என்று சொல்லத் தன் எழுத்து போதும். எனக்காக வேண்டிக்கொள் என்று கேட்க, பக்கத்து வீட்டுக்காரனின் எழுத்து வேண்டியிருந்தது. அதை அவனே கற்றுக்கொண்டு கீறினானா, தெரிந்த ஐரிஷ்காரன் பக்கத்தில் நின்று காட்டிக்கொடுத்தானா? லிண்டிஸ்ஃபார்னில் அய்டனுக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்த ஓஸ்வால்ட் ஞாபகத்துக்கு வந்தான்.

“உங்களுக்குப் படிக்க வருமா?” என்று அம்மாளிடம் கேட்டேன்.

“எழுத்து தெரியாது. ஆனால் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சொல்லிவிடுவேன். அவன் கேட்டிருக்கிறானே.”

பழைய பூக்களை வாளியில் போட்டுக்கொண்டு அவர் போனார். நான் விளக்கை அணைத்தேன். எழுத்து கல்லுக்குள் போய்விட்டது.